நல்ல காலில் போட்ட கட்டு

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. கூரைக்குக் கீழே ஒரே ஒரு நீளப் பெஞ்சு. அதில் இடித்துப் பிடித்துக்கொண்டு பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஈரத் துணி நாற்றமும், யாரோ தொடையில் தேய்த்துக்கொண்ட கற்பூரத் தைலத்தின் காரமும் மூக்கில் ஏறுகின்றன.

நான் பெஞ்சின் கடைசியில் இருந்துகொண்டு ஒரு பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழிக்கிறேன். கிழித்த துணியை இடது முட்டியில் சுற்றுகிறேன். நேராக ஐந்து சுற்று, குறுக்கே இரண்டு. முடிச்சை வெளிப்பக்கமாகப் போடுகிறேன், வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

என் இடது முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு வலது முட்டியில். அதன்மேல் ஒரு நூல்கூடச் சுற்றாமல் விட்டிருந்தேன்.

பக்கத்தில் கோ தான் மாங் உட்கார்ந்திருந்தான். ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், த்வாண்டேப் பக்கம் நிறைய நெல்வயல் உள்ள குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கல்லூரிப் பந்தாட்ட அணியில் எனக்கு இடப்புறம் ஆடுகிறவன். பாதி பர்மியமும் பாதி இங்கிலீஷுமாகத்தான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

“எந்த முட்டி?” என்று கேட்டான்.

“இடது.”

“வலி அதிகமா?”

“ஓடலாம்.”

அவன் எழுந்து நின்று, நான் காலை நீட்டிக்கொள்வதற்காகத் தன் இடத்தையும் எனக்கு விட்டுவிட்டான். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான். எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் காலை நீட்டிக்கொள்ளத்தான் செய்தேன்.

நடுவில் நிற்கிறவன்

ரங்கூன் நினைவுகளை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பந்தாட்டத்தைப் பற்றியே அளக்கிறீரே என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரமும் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் எனக்கு என்ன நடந்தது என்று யோசித்தால், முதலில் வருவது இந்த முட்டிதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் என்று நிற்போம். நடு மூவரில் நடுவில் நிற்கிறவனுக்கு சென்டர் ஹாஃப் என்று பெயர். எதிராளி கொண்டுவரும் பந்தைப் பறிப்பவனும் அவன்தான், பறித்த பந்து யாரிடம் போகவேண்டும் என்று முடிவு செய்கிறவனும் அவன்தான். அவன் தடுமாறினால் மற்ற பத்துப் பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

எங்கள் கல்லூரியில் அந்த இடம் என்னுடையது. கோதண்டம் என்ற பெயரை வீட்டில் மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாருக்கும் நான் ‘சென்டர்’. கியாக்டடா வட்டாரத்து ஆபீஸ்களிலிருந்து வெளியே வரும் குமாஸ்தாக்கள்கூட, சுலே பகோடா அருகே என்னைக் கண்டால், “சென்டர், சனிக்கிழமை எப்படி?” என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

ரங்கூனில் மழைக்காலம்தான் பந்தாட்டக் காலம். ஐந்து மாதம் விடாமல் பெய்யும். மைதானம் களிமண்ணும் தண்ணீருமாகக் கிடக்கும். எங்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடுவோம். விரல்களைச் சேற்றில் அழுத்தி நிற்கிற பிடிமானம் பூட்ஸ் போட்ட கால்களுக்கு வராது. ஆனால் ஒருமுறை கால் புதைந்துவிட்டால் உடம்பு திரும்பும், கால் திரும்பாது. அப்போது போவது முட்டிதான்.

அலோன் வீட்டு வழக்கம்

எங்கள் வீடு அலோனில், ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்கு ஒரு அரிசிக் கிட்டங்கியில் மார்க்கா பார்க்கும் வேலை. மூட்டையின் மேல் அச்சடித்த மார்க்காவைப் பார்த்து, இது இந்தக் கப்பலுக்கு, அது அந்தக் கப்பலுக்கு என்று கூலிகளுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து அப்பாவின் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. அவர் அதை ஆபீஸில் சொல்லவில்லை. மூட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல் கையை வைத்து, அச்சு மையின் மேட்டை விரலால் தடவி மார்க்காவைக் கண்டுபிடிப்பார். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினார். வீட்டிலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பிடும்போது அம்மா கறியை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். குறையை மறைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிய வித்தை இல்லை.

எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அப்பாவின் கண் எந்த நாள் அம்பலமாகுமோ அந்த நாளுக்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

வேலை கிடைக்க அப்போது ரங்கூனில் ஒரு நல்ல வழி இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் சொந்தமாகப் பந்தாட்ட அணி உண்டு. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு ஆபீஸில் குமாஸ்தா நாற்காலி கொடுப்பார்கள். காலையில் பேனா, சாயங்காலம் பந்து. ஒரு ஸ்டீமர் கம்பெனியின் மானேஜர் துரை, ஸ்காட்லாந்துக்காரர், இரண்டு ஆட்டங்களில் என்னைப் பார்த்துவிட்டு ஆளனுப்பினார். அவர்களுடைய சென்டர் ஹாஃபுக்கு வயதாகிவிட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான கடைசி ஆட்டத்துக்குத் தாமே வருவதாகவும், அன்றைக்கும் இதேபோல் ஆடினால் அடுத்த மாதமே வேலை என்றும் சொல்லியனுப்பினார். ஒரு நிபந்தனை. கால் கை பழுதில்லாத ஆள் வேண்டும். போன வருஷம் எடுத்த ஒருவன் ஏற்கெனவே இருந்த காயத்தை மறைத்து வந்தானாம். துரை அதை மறக்கவில்லை.

இந்தச் செய்தி வந்த அதே வாரத்தில் என் வலது முட்டி போயிற்று.

இப்ராகிம்

இப்ராகிம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். அவனுடைய வாப்பாவுக்கு மொகல் தெருவில் குடைக்கடை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். வக்கீலாகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சேர்ந்தது வேறு கல்லூரி. அங்கே முன்வரிசையில் ஆடினான். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை நாங்கள் எதிரிகள், மற்ற நாளெல்லாம் காலையில் ஒரே மைதானத்தில் பயிற்சி.

அப்படி ஒரு காலையில் நான் பந்தை வாங்கித் திரும்பினேன். வலது கால் ஒரு குழியில் புதைந்திருந்தது. முட்டிக்குள்ளே ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது எனக்கே தெரிந்தது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மழையில் வேறு யாரும் இல்லை. இப்ராகிம் என்னைச் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் உட்காரவைத்து அலோன் வரை தள்ளிக்கொண்டே வந்தான்.

அலோனில் டோ சேய்ன் என்று ஒரு பர்மியப் பெண்மணி எலும்பு பிடிப்பாள். சின்லோன் என்கிற பிரம்புப் பந்து ஆடுகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் காலைக் கொண்டுபோவார்கள். வைத்தியம் தெரிந்த பெண்களுக்கு அந்த ஊரில் ‘சேயாமா’ என்று மரியாதை. கூலிலைன் தமிழர்களுக்கு நடுவே இருந்து இருந்து அவளுக்குத் தமிழும் வந்துவிட்டது.

முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்த்தாள். உள்ளே ‘டொக்’ என்றது.

“உள்ளே சின்ன எலும்பு நகந்துபோச்சு தம்பி. மூணு மாசம் படு. ஓட்டம் கூடாது, படி ஏற்றம் கூடாது.”

“சேயாமா, மூணு வாரத்துல ஆட்டம் இருக்கு.”

“ஆட்டம் ஆடு. அப்புறம் ஆயுசுக்கும் படு.” பச்சிலையை அரைத்து வைத்துக் கட்டிவிட்டு, என்னை விட்டுவிட்டு இப்ராகிமைப் பார்த்தாள். “நீ சொல்லு அவனுக்கு. இந்தக் காலிலே இன்னொரு அடி விழுந்தா, நான் பிடிச்சாலும் நிக்காது.”

வெளியே வந்ததும் இப்ராகிம் சொன்னான், “டே, இந்த ஆட்டத்த விட்ருடா.”

“விட்டா வேல போச்சு. அப்பா கண்ணு ஒனக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். என்னை மறுபடி கம்பியில் உட்காரவைத்துச் சைக்கிளைத் தள்ளினான்.

“சரி. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்,” என்றான். “ஒங்க காலேஜுலயும் சொல்லாத. எவன் வாயும் நிக்காது.”

கட்டுப் போட்ட கால்

வெறுங்கால் ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்போம். எவன் எங்கே துணி சுற்றியிருக்கிறானோ அங்கே நோவு இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டம் சூடு பிடித்தபின் அந்த இடத்தில் தற்செயலாகப் படுவதுபோல் ஒரு இடி இடிப்பார்கள். நானும் இடித்திருக்கிறேன்.

ஆனால் அது கூட்டத்தின் கண்ணில் படக்கூடாது. கட்டுப் போட்ட காலை வேண்டுமென்றே அடித்தவனை ரங்கூன் கூட்டம் மன்னிக்காது. தமிழன், பர்மியன், சீனன் என்று பார்க்காமல் எல்லாருமாகச் சேர்ந்து அவன் பெயரை நாறடித்துவிடுவார்கள். இடிக்கிறவன் அதற்கேற்ற சாமர்த்தியத்தோடுதான் இடிக்க வேண்டும்.

வலது முட்டிக்குக் கட்டு இல்லாமல் ஆட முடியாதே என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டினால் அடி அங்கேதான் விழும். துரையும் பார்த்துவிடுவார். கட்டாமலே விட்டு, நல்ல முட்டியில் கட்டினால்? அடியெல்லாம் நல்ல காலுக்குப் போகும், அது தாங்கிக்கொள்ளும். துரை கேட்டால், நேற்றுப் பயிற்சியில் சின்னச் சிராய்ப்பு, தொட்டுப் பாருங்கள் என்று இடது காலை நீட்டிவிடலாம்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என்மேலேயே பெருமை தாங்கவில்லை. இப்ராகிமிடம்கூடச் சொல்லவில்லை. என்ன இருந்தாலும் அன்றைக்கு அவன் எதிர் அணி.

இரண்டாம் பாதி

நான் கணக்குப் போட்டபடிதான் முதல் பாதி நடந்தது. அவர்கள் மாற்றி மாற்றி என் இடது முட்டியை இடித்தார்கள். நல்ல முட்டி, ஒவ்வொரு இடியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. வலது காலை நான் அதிகம் மடக்காமல், உடம்பைத் திருப்பாமல், பந்து வந்தவுடன் தட்டிவிட்டுக் காலத்தை ஓட்டினேன். கோ தான் மாங் எனக்காகவும் சேர்த்து ஓடினான். என் இடப்பக்கம் வந்த பந்தையெல்லாம் முன்னால் வந்து அவனே எடுத்துக்கொண்டான்.

கோட்டுக்கு வெளியே மைதானத்தைச் சுற்றிக் கறுப்புக் குடைகள். அவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அதுதான் துரை.

ஆட்டம் தொடங்குமுன் இப்ராகிமும் என் காலைப் பார்த்திருந்தான். முதலில் இடது முட்டியில் இருந்த கட்டைப் பார்த்தான். பிறகு வெறுமையாக இருந்த வலது முட்டியைப் பார்த்தான். ஒரு புருவம் மட்டும் ஏறி இறங்கியது. புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் தன் ஆட்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் என் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு கோல். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நடு மைதானத்தில் பந்து என் வலது காலுக்கு வந்தது. எதிரே இப்ராகிம் ஓடி வருகிறான். பந்து வலது காலில் இருக்கும்போது அதைப் பறிக்க வருகிறவன் என் வலது பக்கமாகத்தான் பாய வேண்டும். வேறு வழி கிடையாது. அவனும் அப்படித்தான் பாய ஆரம்பித்தான்.

பாதிப் பாய்ச்சலில் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். சேயாமா சொன்னது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சறுக்கிக்கொண்டிருக்கும் உடம்பை எப்படியோ திருகி என் இடது பக்கம் போட்டான். அது நல்ல கால், அதில் பட்டால் பரவாயில்லை என்று நினைத்தான். என் இடது கால் அந்த நேரத்தில் கணுக்கால் வரை சேற்றில் புதைந்து நின்றுகொண்டிருந்தது. அவனுடைய எடை முழுவதும் முட்டியின் பக்கவாட்டில் வந்து மோதியது.

சத்தம் குடைகளுக்கு அடியில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

கூட்டம் பார்த்தது இதுதான்: பந்து வலது காலில் இருக்கிறது. வந்தவன் பந்தை விட்டுவிட்டு, வேண்டுமென்றே உடம்பைத் திருப்பி, கட்டுப் போட்ட முட்டியில் போய் விழுகிறான். ஊளையிட ஆரம்பித்தார்கள். மண்ணை வாரி எறிந்தார்கள். ரெஃபரி அவனை வெளியே அனுப்பினார். அவனுடைய கல்லூரி ஆட்களே அவனுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள்.

அவன் போவதற்குமுன் என் பக்கத்தில் மண்டி போட்டு, “வலது கால்ல படலியே? படலியே?” என்று கேட்டான். கோ தான் மாங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பேச முடியாத வலி என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேசியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான்.

ஆஸ்பத்திரிக் கட்டில்

இடது காலைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டுக் கப்பியில் தொங்கவிட்டார்கள். மூன்று மாதம். வலது காலுக்கு வேலையே இல்லாததால் அதுவும் சேயாமா கேட்ட மூன்று மாதம் சும்மா கிடந்தது. தானாகவே குணமாகிவிட்டது.

துரை வந்தார். கட்டிலருகே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காயத்தோடு நின்று ஆடினாய், ஒரு அயோக்கியன் உன்னை வீழ்த்திவிட்டான், உனக்காக நாற்காலி காத்திருக்கும் என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று கோ தான் மாங்குடையது. இன்னொன்று இப்ராகிமுடையது.

“அவனப் பாக்கணும். ரெண்டே நிமிஷம்.”

“பார்த்தது போதும். போ.”

நான் கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர், தூங்குகிறார் போலிருக்கிறது என்று சொன்னதும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் சொல்லக் கூசுவது. இப்ராகிமின் கல்லூரி முதல்வர் எனக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நல்ல மனிதர். அவனை விசாரித்தார்களாம். ஏன் பந்தை விட்டு அந்தப் பக்கம் பாய்ந்தாய் என்று கேட்டதற்கு, ‘தப்பாகிவிட்டது’ என்பதைத் தவிர அவன் ஒன்றுமே சொல்லவில்லையாம். அடிபட்டவன் என்ற முறையில் இது தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார்.

அவன் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அப்பா சாயங்காலம் வந்து என் கட்டிலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். மறுநாள் காலையில் எழுதினேன். மழையும் இருட்டுமாக இருந்தது, என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை என்று.

எல்லாம் நினைவில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அணியிலிருந்து அவனை நீக்கினார்கள். வாப்பாவுக்குச் செய்தி போயிற்று. அவர் கத்தவில்லையாம். “ஆட்டமும் போச்சு, பேரும் போச்சு. இனிமே எதுக்கு காலேஜு? கடைக்கு வா,” என்று சொல்லிவிட்டாராம். வக்கீல் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு ஸ்டீமர் கம்பெனியில் வேலை கிடைத்தது. இடது முட்டி கால்வாசிக்குமேல் மடங்கவில்லை. பந்தைத் தொட்ட முதல் நாளே துரைக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னை அனுப்பவில்லை. ‘நம்மிடம் வருவதற்காகக் காலைக் கொடுத்தவன்’ என்று மற்ற துரைமார்களிடம் சொல்லி என்னை வைத்துக்கொண்டார். அப்பா வேலையை விட்டார். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. எல்லாம் நல்லபடியாக நடந்தது.

மொகல் தெருவில் ஒரு மத்தியானம்

என் ஆபீஸுக்கு மொகல் தெரு வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. நான் சுற்றிக்கொண்டுதான் போவேன். மூன்று மழைக்காலம் அப்படியே போயிற்று. ஒருநாள் மத்தியானம் எனக்கே சலித்துவிட்டது. நேராகக் கடைக்குப் போனேன்.

இப்ராகிம் கொஞ்சம் தடித்திருந்தான். தாடி விட்டிருந்தான். ஒரு வாடிக்கையாளருக்குக் குடையை விரித்து மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், கை நிற்கவில்லை. வாடிக்கையாளர் தமிழர், ஏதோ ஆபீஸில் ஹெட் கிளார்க் என்று தோற்றமே சொல்லிற்று. நான் நொண்டிக்கொண்டு படியேறியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஸார், நீங்க சென்டர் கோதண்டம்தானே? அடடா! அன்னைக்கு நானும் மைதானத்துல நின்னேன் ஸார். அந்தப் படுபாவி! கட்டுப் போட்ட காலுன்னு பாத்து வந்துல்ல அடிச்சான்? இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. எவன் அவன், பேருகூட மறந்துபோச்சு.”

இப்ராகிம் குடையை மடக்கி அதன் நாடாவைச் சுற்றினான்.

“அடிச்சது இவருதான்,” என்றேன்.

அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஆனா நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அந்தக் கட்டு பொய்க் கட்டு. எனக்கு நோவு வலது கால்ல. அத மறைக்கத்தான் நல்ல கால்ல கட்டுனேன். இவருக்கு அது தெரியும். வலது கால்ல பட்டா நான் நொண்டியாயிருவேன்னு, எனக்காகத்தான் இந்தப் பக்கம் விழுந்தாரு. தப்பு பூரா என்னுது. காலேஜுல கேட்டப்பகூட நான் சொல்லாம இருந்துட்டேன்.”

மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். இப்ராகிமைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“ஸார்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “கால ஒடச்சவன் கடைக்கே வந்து, அவன் மானம் போகக்கூடாதுன்னு இப்படி ஒரு கதையச் சொல்றீங்களே. ஒங்க மனசு யாருக்கு ஸார் வரும்?”

“கதை இல்லீங்க, நெசமாத்தான்—”

“புரியுது ஸார், எனக்குப் புரியுது.” அவர் இப்ராகிம் பக்கம் திரும்பவே இல்லை. தேர்ந்தெடுத்து வைத்திருந்த குடையை மேஜைமேல் தள்ளிவிட்டார். “இங்க வேண்டாம். நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன்.” கொட்டுகிற மழையில் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்ராகிம் அந்தக் குடையை எடுத்து, பழைய இடத்தில் மாட்டினான். ஒரு முக்காலியை என் பக்கம் காலால் நகர்த்தினான்.

“ஒக்காரு.”

உட்கார்ந்தேன். இடது கால் எப்போதும்போல நீட்டிக்கொண்டு நின்றது. அன்றுவரை ஆயிரம் பேர் என் முட்டியை விசாரித்திருக்கிறார்கள். எல்லாரும் அந்தக் காலைத்தான் பார்ப்பார்கள். இப்ராகிம் அதைப் பார்க்கவில்லை.

“வலது முட்டி எப்பிடி இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கு.”

“படியேறுனா வலிக்குதா?”

“இல்லடா.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற வேறொருவரைக் கவனிக்க எழுந்து போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் ஆள் இருந்ததால், மழையைப் பார்க்கிறவன்போலத் தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.